கோளாறு காணப்படவில்லை

என் வேலையில் நான் அதிகம் எழுதிய வாக்கியம் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: கோளாறு காணப்படவில்லை. ஆங்கிலத்தில் 'நோ ஃபால்ட் ஃபவுண்ட்'. எங்கள் வட்டாரத்தில் என்.எஃப்.எஃப். என்றாலே போதும். யாராவது ஒரு கருவி ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று புகார் கொடுப்பார்கள். நான் போவேன், சோதிப்பேன். கருவி என் முன்னால் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். படிவத்தில் அந்த மூன்று எழுத்துகளைப் போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டுக் காடியைத் திருப்புவேன்.

ஒரே கோபுரத்தின் ஒரே புகாருக்கு நான் இதை மூன்று முறை எழுதியிருக்கிறேன். அந்த மூன்று கையெழுத்துகளைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

அந்த விமான நிலையம் கிழக்குக் கரையில் இருக்கிறது. பெயர் வேண்டாம். நாளொன்றுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பயணிகள் விமானங்கள், ஒரு விமானிப் பயிற்சிப் பள்ளியின் சின்ன விமானங்கள், எப்போதாவது ஒரு ஹெலிகாப்டர். அங்குள்ள கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் ரேடியோக்களைப் பராமரிக்கும் ஒப்பந்தம் நான் வேலை செய்யும் நிறுவனத்திடம் இருந்தது. கோலாலம்பூரிலிருந்து நான்கு மணி நேரப் பயணம். விடிந்ததும் கிளம்பி, வழியில் பசியாறிவிட்டுப் போய்ச் சேர எப்படியும் பதினொன்றரை ஆகிவிடும். வெயில் நன்றாக ஏறியிருக்கும். இந்த நேரக் கணக்கு முக்கியம், பின்னால் வரும்.

புகார் ஒரே வரிதான்: 'காலையில் சில சமயம் விமானங்களுக்கு எங்கள் குரல் கேட்பதில்லை.'

கோபுரத்து ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பவரின் கையில் ஒரு மைக்கும் ஒரு பொத்தானும்தான் இருக்கும். பொத்தானை அழுத்திப் பேசினால் குரல் கம்பி வழியாக ஓடுபாதைக்கு அப்பால் இருக்கும் ஒரு சிறிய கட்டடத்துக்குப் போகும். டிரான்ஸ்மிட்டர் அங்கேதான் இருக்கிறது. அதன் சக்தி 50 வாட், பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸுக்குள் தனக்கென்று ஒதுக்கப்பட்ட அலைவரிசையில் அது அந்தக் குரலை ஏற்றி ஆண்டெனாவுக்கு அனுப்பும். விமானிகளின் குரலை வாங்கும் ரிசீவர் வேறோர் இடத்தில், வேறோர் ஆண்டெனாவோடு இருக்கும். ஆக, பேசுவதற்கு ஒரு பாதை, கேட்பதற்கு இன்னொரு பாதை.

டிரான்ஸ்மிட்டர் இரண்டு உண்டு. முதலாவது கெட்டால் இரண்டாவதுக்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டும் போனால் பேட்டரியில் ஓடும் ஓர் அவசர ரேடியோ. அதுவும் போனால் கூரையிலிருந்து தொங்கும் ஒரு விளக்கு. துப்பாக்கி மாதிரி பிடித்து விமானத்தை நோக்கிக் குறிவைக்க வேண்டும். வானத்தில் இருக்கும் விமானத்துக்கு நிலையான பச்சை காட்டினால் தரையிறங்கலாம், நிலையான சிவப்பு காட்டினால் மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இரு என்று பொருள். புரிந்தது என்று சொல்ல விமானி பகலில் இறக்கைகளை ஆட்டிக் காட்டுவார். இத்தனை அடுக்குப் பாதுகாப்பைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். எனக்கும் வந்தது.

ஆனால் இந்த அடுக்குகளில் எதற்கும் மாறவேண்டும் என்றால், கையில் இருப்பது கெட்டுவிட்டது என்று முதலில் தெரிய வேண்டும். பொத்தானை அழுத்திப் பேசும்போது கட்டுப்பாட்டாளரின் ஹெட்செட்டில் அவர் குரலே அவருக்குத் திரும்பக் கேட்கும். அந்தக் கோபுரத்தில் அது காற்றில் போய் வந்த குரல் அல்ல. மேசைக்குள்ளேயே சுற்றி வந்த குரல். டிரான்ஸ்மிட்டர் செத்துக் கிடந்தாலும் அது கணீரென்று கேட்கும். குரல் வெளியே போயிருக்கிறதா என்பதற்கு ஒரே சாட்சி, மறுமுனையில் இருப்பவர் பதில் சொல்வதுதான்.

முதல் முறை நான் போனது நவம்பரில். பணியில் இருந்த கட்டுப்பாட்டாளர் நாற்பதைத் தாண்டிய ஒரு மலாய்க்காரப் பெண்மணி. நான் அவரைக் கக் என்று கூப்பிட்டேன், அவர் என்னை டிக் என்றார். "எனக்கு அவங்க பேசுறது தெளிவா கேக்குது. அவங்களுக்குத்தான் நான் கேக்கல. எப்பவும் இல்ல. சில காலையில மட்டும்" என்றார் மலாயில்.

டிரான்ஸ்மிட்டரைச் சோதித்தேன். இந்த மாதிரிச் சோதனையில் வழக்கமாக ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, சக்தியை வாங்கி வெப்பமாக்கும் ஒரு போலிச் சுமையை மாட்டுவோம். 50 வாட் வந்தது. குரலின் அளவும் சரியாக இருந்தது. பிறகு ஆண்டெனாவை மாட்டி, காடியில் இருந்த ரேடியோவிலிருந்து கோபுரத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். ரேடியோவில் குரல் எவ்வளவு தெளிவு என்பதை ஒன்று முதல் ஐந்து வரையான எண்ணால் சொல்வார்கள். ஒன்று என்றால் ஒன்றும் புரியவில்லை, ஐந்து என்றால் முழுத் தெளிவு. கக்கின் குரல் எனக்கு ஐந்து. மணி பிற்பகல் 2. வெளியே தார் கொதித்துக்கொண்டிருந்தது. என்.எஃப்.எஃப். என்று எழுதினேன்.

"காலையில வந்து பாரேன்" என்றார் கக். பார்க்கலாம் கக் என்றேன். காலையில் வரவேண்டும் என்றால் முந்தைய இரவு தங்க வேண்டும். தங்குவதற்கு ஒரு படிவம், அனுமதிக்கு ஒரு மேலாளர், அவருக்குச் சொல்ல ஒரு காரணம். 'கோளாறு காணப்படவில்லை' என்று நானே எழுதிய கருவிக்கு என்ன காரணம் சொல்வது?

டிசம்பரில் இரண்டாவது முறை. அதே புகார், அதே சோதனை, அதே வெயில். இரண்டாவது கையெழுத்து.

மூன்றாவது முறை நான் போகவே இல்லை. அலுவலகத்திலிருந்தே தொலைபேசியில் கூப்பிட்டேன். எடுத்தது வேறொரு கட்டுப்பாட்டாளர், இளைஞர். "இப்ப நல்லாதான் இருக்கு" என்றார். இப்போது என்பது மதியம் 3 மணி. புகாரை மூடினேன். அந்த மாத அறிக்கையில் அந்தக் கோபுரத்தின் புகார்கள் ஐந்திலிருந்து மூன்றாகி, ஒன்றாகக் குறைந்திருந்தன. எங்கள் மூத்த டெக்னீஷியன் அண்ணன் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "பாத்தியா தம்பி, செட் ஆயிருச்சு" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

புகார் ஏன் குறைந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. புகார் எழுதி அலுத்துப்போய், அவர்கள் ரேடியோவுக்குத் தகுந்த மாதிரி தங்களை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கட்டளையையும் இரண்டு முறை சொல்லப் பழகியிருந்தார்கள். பொத்தானை அழுத்தி ஒரு கணம் காத்திருந்து பேசினால் நன்றாகப் போகிறது என்று ஒருவர் நம்பினார். அது உண்மையில்லை, ஆனாலும் மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். அந்தப் பக்கம் அடிக்கடி வரும் விமானிகளுக்கும் 'அந்த டவர் அப்படித்தான்' என்று பழகிவிட்டது. பதில் வராவிட்டால் தாங்களே இன்னொரு முறை கேட்டுக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டில் பாட்டி காலத்து ரேடியோ ஒன்று இருந்தது. இடது பக்கம், மேலே, உள்ளங்கையால் தட்டினால் பாடும். எங்கே தட்ட வேண்டும், எவ்வளவு ஓங்கித் தட்ட வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அது கெட்டுப்போன ரேடியோ என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. விருந்தாளி யாராவது வந்து, "என்னா, ரேடியோ பாடலையா?" என்று கேட்டால்தான் நினைவு வரும். முழுசாகக் கெட்ட கருவியை மனிதர்கள் ஒதுக்கிவிடுவார்கள். பாதி கெட்டதை வீட்டில் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள்.

வீட்டு ரேடியோ பாடாவிட்டால் ஒரு பாட்டுத்தான் போகும். கோபுரத்து ரேடியோ பேசாமல் இருந்தால், அந்த அமைதிக்கு என்ன பொருள் என்பதே பிரச்சினையாகிவிடும். விமானி பதில் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லையா? கேட்டும் வேலையாக இருக்கிறாரா? அவர் பதில் சொல்லி, அது வந்து சேரவில்லையா? அமைதி எல்லாம் காதுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

எங்கள் தலைமுறை மலேசியர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2014 மார்ச் 8, அதிகாலை 1:19. நான் அப்போது ஐந்தாம் படிவம். 'குட் நைட், மலேசியன் த்ரீ செவன் சீரோ' என்ற அந்த ஒலிப்பதிவைப் பிறகு எத்தனை முறை கேட்டிருப்போம்! அதில் இரைச்சல் இல்லை, தடுமாற்றம் இல்லை. அதன்பின் விமானம் வியட்நாமின் கட்டுப்பாட்டுக்குப் போயிருக்க வேண்டும். அது தங்களிடம் பேசவில்லை என்று ஹோ சி மின் மையம் கோலாலம்பூரைக் கேட்டபோது மணி 1:39. அந்த 20 நிமிடங்களும் இரண்டு பக்கமும் ரேடியோ அமைதியாகவே இருந்தது. அது என்ன அமைதி என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. எம்.எச். 370 விஷயத்தில் நான் ரேடியோக் கருவியைக் குறை சொல்லவில்லை. பதில் வராத நேரத்தை 'இன்னும் கூப்பிடவில்லை போல' என்று நிரப்பிக்கொள்வது எவ்வளவு எளிது என்பதைத்தான் சொல்கிறேன்.

இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்லப்படும் கதையும் அமைதியைப் பற்றியதுதான். 1977 மார்ச் 27, கேனரி தீவுகளில் டெனரீஃப். மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள். கே.எல்.எம். விமானம் அனுமதி இல்லாமலே புறப்பட ஓடத் தொடங்குகிறது. கோபுரம் 'ஓகே' என்று தொடங்கி, காத்திரு, நான் கூப்பிடுகிறேன் என்கிறது. அதே நொடியில், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்கிறது பான் ஆம். விமான ரேடியோக்கள் பழைய ஏ.எம். முறையில் பேசுபவை. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு அலைகளும் மோதிக் கீச்சென்று ஒலிக்கும். எஃப்.எம். என்றால் பலமான குரல் மற்றதை விழுங்கிவிடும், இன்னொருவர் பேசியதே தெரியாமல் போகும். அதனாலேயே ஏ.எம். நல்லது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். கே.எல்.எம். விமானி அறையில் 'ஓகே' என்ற சொல் கேட்டது. அதன்பின் சுமார் 4 வினாடி கீச்சொலி. 583 பேர் இறந்தார்கள்.

அன்றைக்கு எந்த ரேடியோவும் கெட்டுப்போகவில்லை. எல்லாம் எப்படிச் செய்யப்பட்டதோ அப்படியே வேலை செய்தன. அதன்பிறகு மாறியது பேசும் முறை. இன்று புறப்பாட்டுக்கு அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் 'டேக் ஆஃப்' என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டும். முக்கியமான கட்டளைகளை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும். கருவியால் தர முடியாத உறுதியை மனிதர்கள் தங்கள் வாயால் ஈடுகட்டுகிறார்கள். அதனால் பல உயிர்கள் பிழைத்திருக்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கெட்டுக்கொண்டிருக்கும் கருவியை மறைப்பதும் இதே ஈடுகட்டல்தான்.

2004 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் தென்மேற்கு வான்பரப்பைக் கவனிக்கும் பாம்டேல் மையத்தில் நடந்ததை அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அது கோபுரம் அல்ல, உயரத்தில் பறக்கும் விமானங்களைப் பார்க்கும் பெரிய மையம். அங்கே குரல் தொடர்பை நடத்தும் கணினி அமைப்பில் மில்லிவினாடிகளை எண்ணும் ஒரு 32 பிட் எண்ணி இருந்தது. 429 கோடியைத் தாண்டிக் கொஞ்சம் எண்ணியதும் அது நிறைந்துவிடும், அதாவது 49.7 நாளில். நிறைந்தால் அமைப்பு நின்றுபோகும். இதற்குத் தீர்வாக 30 நாளுக்கு ஒருமுறை ஒரு டெக்னீஷியன் அதை அணைத்துப் போடவேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். அந்த முறை அது நடக்கவில்லை. சுமார் 400 விமானங்கள் வானில் இருந்தபோது குரல் நின்றது. மாற்று அமைப்பை இயக்கினார்கள், ஒரு நிமிடத்துக்குள் அதுவும் நின்றது. மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்பில்லை. ஐந்து இடங்களில் விமானங்கள் இருக்க வேண்டிய இடைவெளியைவிட நெருங்கின. விபத்து நடக்காமல் தப்பித்தார்கள்.

முதலில் சொல்லப்பட்ட காரணம் மனிதத் தவறு. டெக்னீஷியன் மறந்துவிட்டார். உண்மைதான். ஆனால் 49.7 நாளில் நின்றுபோகும் ஒன்றை வானத்துக்குக் கீழே வைத்துவிட்டு, அதைத் தட்டிக் கொடுக்க ஒரு ஆளை நிறுத்தினால், அந்த ஆளும் அந்தக் கருவியின் ஓர் உறுப்பாகிவிடுகிறார். ஒருநாள் உறுப்பு பழுதானது. பாட்டி வீட்டு ரேடியோவை எங்கே தட்ட வேண்டும் என்று தெரிந்தவர் அன்றைக்கு வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

ஜனவரி முடியும்போது கக் என் சொந்தக் கைப்பேசிக்கே கூப்பிட்டார். புகார் எண் எதுவும் இல்லை. "டிக், இந்தத் தடவை ராத்திரி தங்குற மாதிரி வா. மழை இருக்கு." விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். மேலாளரிடம் சொல்லவில்லை என்றாலும், நான் போவதை அண்ணனிடம் மட்டும் சொன்னேன். "லூசாடா நீ" என்று சொல்லிவிட்டு, சக்தி அளக்கும் மீட்டரைப் பையில் எடுத்துவைத்தார்.

இரவு முழுவதும் வடகிழக்குப் பருவமழை கொட்டியது. காலை 6 மணிக்கு அனுமதி அட்டையோடு அந்தச் சின்னக் கட்டடத்துக்குள் போய், டிரான்ஸ்மிட்டருக்கும் ஆண்டெனாக் கேபிளுக்கும் நடுவில் மீட்டரை மாட்டினேன். கேபிளுக்குள் போகும் சக்தியையும், ஆண்டெனா வரை போகாமல் திரும்பி வரும் சக்தியையும் அது தனித்தனியாகக் காட்டும். பல்கலைக்கழகத்தில் இதற்கு ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்தோம். வட்ட வட்டமாக வரைபடம் போட்டு, குளிரூட்டிய ஆய்வகத்தில். அங்கே மழை பெய்ததில்லை.

கக் மேலேயிருந்து பொத்தானை அழுத்தினார். போன சக்தியில் பெரும்பகுதி அப்படியே திரும்பி வந்தது. டிரான்ஸ்மிட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொண்டது. அதன் முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அந்த விளக்கு எரியும் செய்தி கோபுரம் வரை போகும்படி யாரும் கம்பி இழுத்திருக்கவில்லை. ஆளில்லாத அறைக்குள் எத்தனையோ காலை அது எரிந்து அணைந்திருக்கிறது.

இரண்டாவது டிரான்ஸ்மிட்டருக்கு மாற்றச் சொன்னேன். அதே அளவு. ஏனென்றால் இரண்டும் ஒரே ரிலே வழியாக ஒரே கேபிளுக்கு, ஒரே ஆண்டெனாவுக்குப் போகின்றன. இரண்டு குதிரைகள், ஒரே கடிவாளம்.

மழை விட்டதும் கம்பத்தில் ஏறுபவரை வரவழைத்தோம். ஆண்டெனாவின் அடியில் இருந்த கனெக்டரின் மேல் சுற்றிய ரப்பர் டேப் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. அவர் திருகிக் கழற்றியபோது உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது. பித்தளை பச்சைப் பாசி மாதிரி பூத்திருந்தது. கடற்கரைக் காற்றின் உப்பு. இரவு மழை பெய்தால் தண்ணீர் நிறையும், காலையில் குரல் போகாது. பத்து மணி வெயிலில் கம்பம் சூடாகித் தண்ணீர் வற்றும். பதினொன்றரைக்கு நான் வருவேன். எல்லாம் சரியாக இருக்கும். நான் மாட்டிப் பார்த்த போலிச் சுமையோ அந்தக் கனெக்டரையே தொடவில்லை. கோளாறு எங்கே இருந்ததோ அதைக் கழற்றி வைத்துவிட்டு, கோளாறு இல்லை என்று எழுதியிருக்கிறேன்.

புதிய கனெக்டரும் டேப்பும் ஐம்பது வெள்ளிக்குள் முடிந்தன.

வேலை முடிந்து கோபுரத்துக்கு ஏறிப் போனபோது கக் தே தாரிக் வாங்கி வைத்திருந்தார். கூடவே ஒரு பள்ளிக்கூட நோட்டு. அதிகாரப்பூர்வப் பதிவேடு அல்ல, அவருடைய சொந்த நோட்டு. தேதி, நேரம், எந்த விமானம், எத்தனை மைல் தொலைவு, எத்தனை முறை கூப்பிட்டார், முந்தைய இரவு மழையா. மூன்று மாதம். பக்கத்தைப் புரட்டப் புரட்ட, பொறியியல் படிக்காத ஒருவர் அந்தக் கனெக்டரைக் கண்ணால் பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டிருப்பது தெரிந்தது. நான் கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்விதான்: எப்போதெல்லாம்?

ஒரு பக்கத்தில் பாதிக்குமேல் எழுதியிருந்தது. என் மூன்றாவது கையெழுத்துக்கு நான்கு நாள் கழித்து. கடல் பக்கமிருந்து ஒரு பயணிகள் விமானம் இறங்கி வருகிறது. அதன் பாதைக்குக் கீழே ஒரு பயிற்சி விமானம், தனியாக ஒரு மாணவர். 3,000 அடியில் நிற்கச் சொல்லிப் பெரிய விமானத்தைக் கூப்பிடுகிறார். பதில் இல்லை. இரண்டாவது முறை. இல்லை. தூரத்தில் இருக்கும் விமானத்துக்குக் குறைந்த சக்தி போய்ச் சேரவில்லை. பக்கத்தில் இருக்கும் மாணவருக்குக் கேட்கிறது. மூன்றாவது முறை பெரிய விமானத்தைக் கூப்பிடாமல் மாணவரைக் கூப்பிடுகிறார்: நான் சொல்வதை அந்த விமானத்துக்கு எடுத்துச் சொல். அந்தப் பையன், வயது பத்தொன்பதோ இருபதோ, முதல் முறையாக ஒரு விமானத்தின் கேப்டனுக்குக் கட்டளை சொல்கிறான். குரல் நடுங்கியது என்று அந்த நோட்டில் இருக்கிறது. ஆனால் சொன்னான். விமானம் 3,000-இல் நின்றது. அறிக்கை எழுதும் அளவுக்கு இரண்டும் நெருங்கவில்லை.

படித்துவிட்டு நான் ஒன்றும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. தே தாரிக் ஆறிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கு அந்தப் பையன் இல்லாம இருந்தா பேட்டரி ரேடியோவ எடுத்திருப்பேன்" என்றார் சமாதானம் சொல்வதுபோல. எடுத்திருப்பார். எடுக்க எத்தனை வினாடி ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

2025 ஏப்ரல் 28 அன்று நியூவர்க் விமான நிலையத்துக்கு வரும் விமானங்களைக் கவனிக்கும் பிலடெல்ஃபியா மையத்தில் ரேடாரும் ரேடியோவும் சேர்ந்து போயின. 90 வினாடிக்குள் எல்லாம் திரும்பிவிட்டது. யாருக்கும் காயமில்லை. ஆனால் பணியில் இருந்த கட்டுப்பாட்டாளர்கள் சிலர் மன அதிர்ச்சிக்கான விடுப்பில் போனார்கள். செய்தியைப் பகிர்ந்த என் நண்பன் ஒருவன், 'ஒன்றரை நிமிஷத்துக்கா?' என்று எழுதியிருந்தான். நான் அந்த நோட்டைப் பார்த்திராவிட்டால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

இப்போது நான் எழுதும் முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டிருக்கிறேன். எங்கள் படிவத்தில் முடிவு என்ற இடத்தில் நான்கு தேர்வுகள்தான் உண்டு, அதில் ஒன்று என்.எஃப்.எஃப். வேறு வழியில்லாமல் அதைத் தேர்ந்தெடுத்தாலும், குறிப்பு என்ற கட்டத்தில் எழுதுகிறேன்: பிற்பகல் 2 மணிக்கு, வெயிலில், ஆண்டெனாக் கேபிளோடு சோதித்தேன். புகார் கொடுத்தவர் சொன்ன நேரத்தில் சோதிக்கவில்லை. மேலாளரிடமிருந்து இரண்டு முறை மின்னஞ்சல் வந்தது. குறிப்பு நீளமாக இருக்கிறதாம், வாடிக்கையாளருக்குத் தவறான எண்ணம் வருமாம். சரியான எண்ணம்தான் வருகிறது என்று பதில் எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன். அதற்கு இன்னும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. குறிப்பு எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை.

போன மாதம் வழக்கமான பராமரிப்புக்காக அந்தக் கோபுரத்துக்குப் போயிருந்தேன். புதிதாகப் பணியில் சேர்ந்த இரண்டு பேருக்குக் கக் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். மேசையில் ஒரு கோப்பு திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தேன். என் மூன்று படிவங்களின் நகல், அவற்றுக்கு எதிரே அந்த நோட்டின் பக்கங்கள்.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். "கோபத்துல வைக்கல டிக்" என்றார். "பேப்பர்ல சரின்னு இருந்தாலும் காதுல கேக்குறத எழுதி வைக்கணும்னு பிள்ளைங்களுக்குக் காட்டத்தான்."

தப்பில்லை கக் என்றேன். நகல் மங்கலாக இருந்தாலும் மூன்றிலும் என் பெயர் தெளிவாகத் தெரிந்தது.